கல்லும் கடனும்: போரில் பட்டவர்க்குச் செய்யும் சிறப்பு

போரில் உயிர்நீத்தவர்க்கும் போர்க்களத்திலிருந்து மீண்டவர்க்கும் ஒரு சமூகம் சிறப்புச் செய்யும்போது அது உண்மையில் எதைச் செய்கிறது என்ற வினா எளியதாகத் தோன்றினாலும், விடை தேடப் புகுந்தவுடன் மூன்று வெவ்வேறு செயல்கள் ஒரே சடங்கில் கலந்து கிடப்பது தெரியவரும். இறந்தவரைத் தெய்வமாக்கி வணங்குவது ஒன்று. அவர் செய்ததைப் புகழ்ந்து பேசி, கேட்போர்க்கும் அவ்வழிச் செல்லும் ஆவலை ஊட்டுவது மற்றொன்று. அவரால் தமக்கு வந்த நன்மையை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகத் தாம் செய்யவேண்டியதைச் செய்வது மூன்றாவது. வழிபாடு, புகழ்ச்சி, கடனிறுப்பு என்னும் இம்மூன்றையும் தமிழ் மரபு அறிந்திருந்தது. எனினும் அதன் முதுகெலும்பாக இருந்தது மூன்றாவதே என்பதும், மற்ற இரண்டும் அதை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தபோதெல்லாம் இறந்தவர் கைவிடப்பட்டார் என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து. வெடிமருந்தைத் திருவிழாவுக்கு உரிய பொருளாக்கி வாழும் சிவகாசியையும் அதைச் சூழ்ந்த கரிசல் நிலத்தையும் வைத்து இவ்வினாவை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மருந்தால் ஏற்படும் சாவு எத்தனை வகைப்படும் என்பதை இவ்வட்டாரம் அறிந்த அளவுக்கு வேறெந்த வட்டாரமும் அறிந்திருக்காது.

போரிலோ பூசலிலோ இறந்த வீரனுக்காக நடப்பட்ட கல் நடுகல் எனப்படும். அதை நடுவதற்கான முறையைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள், நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை, உரிய இடத்தில் நாட்டுவது நடுதல், படையலிட்டுப் பெருஞ்சிறப்புச் செய்வது பெரும்படை, இறுதியாகப் போற்றுவது வாழ்த்தல். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஆறு நிலைகளில் வாழ்த்து ஒன்றே சொல்லால் ஆவது. ஏனைய ஐந்தும் கையாலும் தோளாலும் ஆவன. மலையேறிக் கல் பார்த்து, பிளந்து, சுமந்து, கழுவி, குழிதோண்டி நட்ட பிறகே வாய் திறக்கும் உரிமை கிடைக்கிறது. மேடையும் ஒலிபெருக்கியுமாக வாழ்த்தலில் தொடங்கி வாழ்த்தலிலேயே முடிந்துவிடும் இக்கால நிகழ்ச்சிகளோடு இதை ஒப்பிட்டால், பழையவர்கள் எதைக் கடமையாகக் கருதினர் என்பது விளங்கும்.

கல்லில் எழுதப்பட்டதும் புகழ்மாலை அன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த கற்கள், இதுவரை கிடைத்த நடுகற்களில் மிகப் பழையனவாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரையைக் கவரும் பூசலில், இறந்த ஒருவனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. பெயர், ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்துப் பல்லவர் காலத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் நடப்பட்ட கற்கள் இதே அமைப்பைச் சற்று விரிவாக்கி, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் ஆள், எந்தப் பூசல் என்று வரிசையாகச் சொல்லிப் ‘பட்டான்’ என்று முடிக்கின்றன. பட்டான் என்றால் களத்தில் இறந்தான் என்பது பொருள். எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயையும் கோவிவன் என்னும் அதன் பெயரோடு அக்கல் பதிவு செய்துள்ளது. நாயின் உருவமும் வீரனின் உருவத்துக்கு அருகிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லை எழுதியவர்க்குப் பெருமைப்படுத்துவது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் நாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்திராது. யார் என்ன செய்தார் என்பதில் விடுபாடு நேரக்கூடாது என்ற கணக்குப்பிள்ளையின் கவனமே அங்கே தெரிகிறது.

கணக்கு இருந்தால் அதைத் தீர்க்கும் வழியும் இருக்கவேண்டும். நடுகற்கள் சிலவற்றில் நெய்த்தோர்ப்பட்டி என்னும் தொடர் வருகிறது. நெய்த்தோர் என்பது குருதி, பட்டி என்பது நிலம். சிந்திய குருதிக்காக இறந்தவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் இதே வழக்கம் உதிரப்பட்டி என்ற பெயரில் இடம்பெறுகிறது. தந்தையை இழந்த பிள்ளைகள் அந்த நிலத்தை உழுது உண்ண வேண்டும் என்பதே ஏற்பாடு. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்துள்ள பெரிக்ளிசின் புகழ்பெற்ற இரங்கல் உரையும், ஏதென்சின் பெருமைகளை நெடுநேரம் விரித்த பிறகு, போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை அவர்கள் ஆளாகும் வரை நகரமே தன் செலவில் வளர்க்கும் என்ற அறிவிப்பில்தான் வந்து நிற்கிறது. அந்த உரையின் அலங்காரங்களையெல்லாம் நீக்கிவிட்டாலும் அந்த ஒரு வாக்கியம் போதும். அதை நீக்கிவிட்டால் மற்றவை வெறும் சொற்பெருக்கே.

நடுகல் பேசாமல் விட்ட ஒன்றும் உண்டு. அந்தப் பூசல் நியாயமானதா என்று அது சொல்வதில்லை. ஆநிரை கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு, அதை மீட்கச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. முன்னது வெட்சி என்றும் பின்னது கரந்தை என்றும் இலக்கணம் பிரித்ததேயன்றி, ஒன்றை உயர்வாகவும் மற்றொன்றை இழிவாகவும் வைக்கவில்லை. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் தொடங்கும் முதற் குறளில் வரும் வீரன், தன் தலைவன் முன் நின்று கல்லாகிப் போனவர் பலர் என்று பகைவரை எச்சரிக்கிறான். அங்கே கல்லில் நிற்பவர்கள் எதிரிப் படையினர் என்பதை வாசகர் எளிதில் கடந்துபோய்விடக்கூடும். வென்றவன் வாயிலிருந்தே தோற்றவர்க்குக் கல் உண்டு என்ற ஒப்புதல் வருகிறது. போரின் நியாயத்தை ஆராய வேண்டியது வேந்தனிடமும் அவன் அவையிடமும். களத்தில் நின்றவனுக்கு உரிய கல்லை அந்த ஆராய்ச்சி முடியும் வரை நிறுத்திவைக்கக் கூடாது என்ற பிரிவினை இதில் அடங்கியிருக்கிறது. போரை வெறுப்பவர்களும் போரை விரும்புபவர்களும் இப்பிரிவினையை மறந்துவிடுகிறார்கள்: முன்னவர் போரின் பழியைப் படைவீரன் மேல் ஏற்றுகிறார்கள், பின்னவர் படைவீரனின் சாவைக் காட்டிப் போரை நியாயப்படுத்துகிறார்கள்.

இறந்த பின் வீரன் எங்கே போகிறான் என்ற கேள்விக்கு இந்தியச் சமயங்கள் ஒரே விடையைத் தரவில்லை. கொல்லப்பட்டால் சுவர்க்கம், வென்றால் மண்ணாட்சி என்று பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அருச்சுனனுக்கு எடுத்துரைக்கிறான். வீரசுவர்க்கம் என்ற கருத்து தமிழகக் கோயில் சிற்பங்கள் வரை பரவியிருக்கிறது. பௌத்தத்தின் சம்யுத்த நிகாயமோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. போரில் இறக்கும் வீரர்கள் தனியொரு தேவர் உலகில் பிறப்பார்கள் என்று முன்னோர் சொல்வது உண்மையா என ஒரு படைத்தலைவன் புத்தரிடம் கேட்கிறான். அதைக் கேட்கவேண்டாம் என்று புத்தர் இருமுறை தடுக்கிறார். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்தவே, கொல்லும் எண்ணத்தோடு இறப்பவனுக்குக் கிடைப்பது நரகமே என்கிறார். படைத்தலைவன் அழுகிறான். புத்தர் சொன்னது அவனை அழவைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகத் தன்னை ஏமாற்றியவர்களை நினைத்தே அழுவதாக அவனே கூறுகிறான். புகழ்ச்சி எந்த அளவுக்குக் கொடுமையாகக்கூடும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலையில் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணர்கள் தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறை நெடுகச் செதுக்கிவைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாளுக்கு விண்ணுலகம் உண்டா என்ற வழக்கு இந்த நிலத்திலேயே இரு தரப்பாகவும் வாதிடப்பட்டது என்று கொள்ளலாம்.

நடுகல் இந்த வழக்கில் தலையிடுவதில்லை என்பதுதான் அதன் வலிமை. பாண்டியனும் சோழனும் பொருத களத்தில் இறந்தவனுக்குக் கல் நட்ட அதே மரபு, மானம் கருதி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனுக்கும் கல் நட்டது. அந்தக் கல்லைக் கண்டு புலவர் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்து 76 நாள் உண்ணாதிருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர்நீத்ததும் இந்தப் பழைய வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. கொன்று இறந்தவனுக்கும் யாரையும் கொல்லாமல் இறந்தவனுக்கும் ஒரே கல் பொருந்தும் என்றால், அந்தக் கல் கொலையைப் போற்றவில்லை. தன்னுயிரைவிடப் பெரிதென்று ஒன்றைக் கருதியவனுக்குப் பிறர் பட்டிருக்கும் கடனை அது குறிக்கிறது.

இக்கடன் வழிபாடாக மாறிய கதை நீண்டது. நெல்லைத் தூவி வணங்குவதற்கு நடுகல்லைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்று பாடும் அளவுக்கு மாங்குடி கிழார் காலத்திலேயே வழிபாடு முற்றியிருந்தது. மனையுறையும் பெண்ணொருத்தி நாள்தோறும் நடுகல்லைத் தொழுது, விருந்தினர் வரவேண்டும் என்று வேண்டுவதாக அள்ளூர் நன்முல்லையார் பாடுகிறார். மழைக்கும் மகப்பேற்றுக்கும் மாரியம்மனிடம் வேண்டுவது போல, போரோடு தொடர்பில்லாத வீட்டு விருப்பம் ஒன்று வீரனின் கல்லிடம் வைக்கப்படுகிறது. அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி ஆகிய பகுதிகளில் கண்மாய்க் கரைகளிலும் காட்டுப் பாதைகளிலும் அவ்வப்போது கண்டறியப்படும் நடுகற்களும், கணவனோடு தீப்பாய்ந்த மனைவியையும் சேர்த்துக் காட்டும் சதிகற்களும் பெரும்பாலும் எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, வேட்டியோ சேலையோ சார்த்தப்பட்ட நிலையில்தான் கிடைக்கின்றன. பூசை தொடர்கிறது, ஆனால் உள்ளே நிற்பவன் யார், எந்தப் பூசலில் பட்டான் என்று கேட்டால் பெரும்பாலும் விடை இல்லை. மனைவியின் உருவத்தைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் எழுகிறது. அவள் தானே விரும்பி ஏறினாளா என்பதை எந்தச் சதிகல்லும் சொல்லாது. அந்த மௌனத்தின் மேல் சார்த்தப்பட்ட சேலையை மதிப்பு என்று ஏற்றுக்கொள்வது எளிதன்று.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் போன்ற நாட்டாரியல் ஆய்வாளர்கள், தென்மாவட்டங்களின் பல தெய்வங்கள் அகாலமாக, வன்முறையாக மாண்ட மனிதர்களே என்று காட்டியுள்ளனர். அநியாயமாகச் செத்தவனின் சீற்றத்தை ஆற்றுவதே அங்கே கொடையின், அதாவது ஆண்டுத் திருவிழாவின் நோக்கம். பக்தியும் அச்சமும் அங்கே கலந்திருக்கின்றன. உள்ளே ஒரு குற்றவுணர்வும் இருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ஊர் ஒருவனுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை மறக்காமல் இருக்க அச்சமும் ஒரு வழிதான். ஆயினும் தெய்வமானவனுக்கு ஆடு வெட்டிப் பொங்கலிட்டால் கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது, அவன் பேரப்பிள்ளைக்கு உழ நிலம் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை. உதிரப்பட்டி மறைந்து கொடை மட்டும் எஞ்சிய இடம் இதுவே.

வழிபாட்டுக்கு அடுத்தபடியாக இன்னொரு ஆபத்து, இறந்தவன் ஒரு சிலரின் உடைமையாவது. விருதுநகர் மாவட்டம் இதைக் கண்கூடாகக் கண்டது. பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனின் தளபதிகளுள் ஒருவரான சுந்தரலிங்கம், 1799-இல் ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்குக்குள் வடிவு என்னும் பெண்ணோடு புகுந்து, தம்மையும் சேர்த்து அதைக் கொளுத்தி அழித்தார் என்பது கவர்னகிரி வட்டாரத்து வாய்மொழி மரபு. சிவகங்கைக் குயிலியைப் பற்றி வழங்குவதும் இதையொத்ததே. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1997-இல் தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவரின் பெயர் தாங்கிய பேருந்தை ஏற்க மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பி, தென்மாவட்டங்களில் சாதிக் கலவரமாக மூண்டு உயிர்களையும் பறித்தது. அரசு அவ்வாண்டிலேயே அந்தப் பெயரை மட்டுமின்றி, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒருசேர நீக்கியது; காமராசர் மாவட்டமாக இருந்ததும் அப்போதுதான் விருதுநகர் மாவட்டம் என்று ஆனது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பொது எதிரியின் மருந்துக் கிடங்கில் உடல் சிதறியதாக நம்பப்படும் ஒருவரின் பெயரைப் பொதுவில் வைக்க இயலாத நிலையை, சட்டம் ஒழுங்குச் சிக்கல் என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. கடன் எல்லோருடையதும் என்ற அறவுணர்வு முறிந்துபோனதன் விளைவு அது. அதன் பின்னர் ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு சாதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு குருபூசை, ஒவ்வொரு பூசைக்கும் காவல்துறையின் தடுப்புக் கட்டைகள் என்று நிலைமை இறுகிவிட்டது.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் வேறொரு முறை வழங்கியது. அரசாங்கம் பகைவன் என்று தீர்ப்பளித்த ஒருவனுக்குச் சிலையோ மண்டபமோ எழுப்ப வழியில்லாத காலத்தில், அவ்வழியே போனவர்கள் ஆளுக்கொரு கல்லை அங்கே போட்டுவிட்டுச் சென்றார்கள். அந்தக் கற்கள் குவியலாக உயர்ந்தன. நடிகர் சிவாஜி கணேசன் தம் செலவில் 1970-இல் அங்கே சிலை எழுப்பியது நன்றே. கட்டபொம்மன் என்றதும் நினைவுக்கு வரும் முகம் அந்த நடிகரின் முகமாகிவிட்ட நிலையில் அது பொருத்தமும்கூட. எனினும் எழுத்தும் உருவமும் இல்லாத அந்தக் கற்குவியலில் எந்தக் கல்லைப் போட்டவர் எந்தச் சாதி என்று சொல்ல முடியாது என்பது அதற்கு மட்டுமே உரிய சிறப்பு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-இல் தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர், அப்போரில் இறந்த தம்மவர்க்குக் கட்டிய கல்லறைகள் இன்றும் அப்பகுதியில் இருக்கின்றன. கோட்டையை இழந்தவர்கள் அவற்றை இடித்துவிடவில்லை. இலங்கையில் 2009-க்குப் பின் வென்ற தரப்பு எதிர்த்தரப்பினரின் துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளியதை இதனோடு வைத்துப் பார்த்தால், பகைவனின் கல்லை நிற்கவிடுவது எளிய பண்பு அன்று என்பது புரியும்.

இக்காலத்தில் கடன்பட்டிருப்பது யார் என்ற கேள்விக்குக் குடியரசு என்பதே விடை. புதுதில்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது, பெயரே முதன்மை என்ற பழைய நெறிக்கு ஒத்ததே. கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூன் 15 இரவு இறந்த இருபது பேருள் ஒருவரான ஹவில்தார் பழனி, இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். வீர சக்கர விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இப்படி ஒரு வீரரின் உடல் ஊருக்கு வரும்போது இரு சடங்குகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. படைவீரர்கள் வானை நோக்கிக் குண்டு முழக்கி, பெட்டியின் மேல் போர்த்திய தேசியக் கொடியை மடித்து மனைவியிடமோ தாயிடமோ கொடுக்கிறார்கள். ஊரார் சங்கூதி, பறை முழக்கி, மாலை சார்த்தி, வாய்க்கரிசி போடுகிறார்கள். அன்றைக்கு அமைச்சர் முதல் ஆட்சியர் வரை எல்லோரும் வருகிறார்கள். கடன் எப்படி இறுக்கப்படுகிறது என்பது தெரியவருவது அதற்குப் பின் வரும் ஆண்டுகளில்தான்.

அங்கே நிலைமை அவ்வளவு பெருமைப்படத்தக்கதாக இல்லை. ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்க்கு, எந்த ஆண்டில் ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்பது நீண்டகாலக் கோரிக்கை. அதற்காக 2015-இல் முதிய வீரர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அரசு அதை ஏற்று, 2014 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தது. பழைய நடுகல் மரபிலும் இத்தகைய குறை உண்டு. பட்டவனுக்குக் கல்லும் நிலமும் இருந்தன, படைத்தலைவனுக்கு ஏனாதி என்ற பட்டம் இருந்தது, கைகால் இழந்து திரும்பி வந்த சாதாரண வீரனைப் பற்றிக் கற்கள் பேசுவதில்லை. அவனுடைய விழுப்புண்ணை, அதாவது முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணைப் புலவர்கள் பாடினார்கள். அந்தப் புண் ஆறாமல் அவன் வாழ்ந்த முப்பது ஆண்டுகளைப் பாடவில்லை. ஊருக்குள் ‘பட்டாளத்துக்காரர்’ என்று மரியாதையாக அழைக்கப்படும் மனிதர் நாற்பது வயதுக்கு முன்பின்னாகவே ஓய்வுபெற்று வந்து, வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்று பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தேடுவதைத் தமிழகம் முழுவதும் காணலாம். உழைப்பதில் இழிவில்லை, ஆனால் எல்லையில் நின்றவரின் இரண்டாவது வாழ்க்கைக்கு வாயிற்காவலைத் தவிர வேறொன்றை எண்ணிப் பார்க்காத சமூகம், ஆகஸ்டு 15 அன்று அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதால் மட்டும் கணக்கை நேர்செய்துகொள்ள முடியாது.

சிவகாசி அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் நாடெங்கும் போகும் நாட்காட்டிகளில் தெய்வங்களோடும் தலைவர்களோடும் படைவீரனும் இடம்பெறுவதுண்டு. துப்பாக்கி ஏந்தி, பின்னால் பனிமலையும் கொடியும் விளங்க நிற்கும் அந்த வீரனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, டிசம்பர் 31-ஐத் தாண்டி ஆயுளும் இல்லை. நடுகல்லின் நேர் எதிர்வடிவம் இது.

இனி, இவ்வட்டாரத்துக்கே உரிய கடினமான கேள்வி. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் தொடங்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து பட்டாசுத் தொழிலாக விரிந்த சிவகாசியின் வாழ்வில், மருந்தறை விபத்து ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. உராய்வு என்று ஒற்றைச் சொல்லில் காரணம் எழுதப்படும்; ஓர் அறையில் இருக்கவேண்டிய ஆள்களைவிட அதிகம் பேர் இருந்ததும், உரிமம் பெற்றவர் ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்ததும் பல விபத்துகளில் பின்னர் வெளிவரும். நாட்டின் தீபாவளிக்காக உயிர்விட்ட இவர்களையும் தியாகிகள் என்று ஏன் அழைக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவ்வாறு அழைக்கக் கூடாது. தியாகம் என்பதற்குத் தெரிந்து, விரும்பி, வேறொருவர் பொருட்டு என்ற மூன்றும் வேண்டும். கூலிக்கு மருந்து கலக்கப் போன பெண் மாலையில் வீடு திரும்பும் எண்ணத்தோடு போனவள், தன்னை எதற்கும் அளித்தவள் அல்லள். அவள் சாவைத் தியாகம் என்று சொன்ன மாத்திரத்தில், அந்தச் சாவுக்குப் பொறுப்பானவர் கூண்டிலிருந்து இறங்கி மாலையோடு வரிசையில் நின்றுகொள்ள வழி பிறந்துவிடும்.

தமிழ் மரபு இதற்கும் ஒரு கல்லை வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று நடுகல் இலக்கணத்தையே காதைப் பெயர்களாகக் கொண்டு, இமயத்திலிருந்து கல் கொணர்ந்து நிறுத்துவது களத்தில் பட்ட வீரனுக்காக அன்று. அரசனின் ஆராயாத தீர்ப்பால் கணவனை இழந்த கண்ணகிக்காக. வீரனுக்குரிய முறை முழுவதும் அநீதி இழைக்கப்பட்டவளுக்கு மாற்றித் தரப்பட்டது. வீரனின் கல் ‘நாங்கள் உனக்கு நன்றியுடையோம்’ என்று சொல்கிறது என்றால், கண்ணகியின் கல் ‘நாங்கள் உனக்குப் பிழை செய்தோம்’ என்று சொல்கிறது. மருந்தறையில் மாண்டவர்க்கு உரியது இந்த இரண்டாவது கல். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது இரண்டு வகையினரும் ஒரே இடத்தில் கிடந்தனர்: இறந்தவருள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர், வெடித்த ஓசை கேட்டுச் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவந்து, அடுத்தடுத்து வெடித்ததில் சிக்கியவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவரும் அவர்களுள் இருந்திருக்கலாம். உள்ளே கிடப்பவரைத் தூக்க வந்தவருக்கு உரியது, படைவீரனுக்கு உரிய அதே முதல் கல். இறப்புக் கணக்கில் எல்லோரும் ஓர் எண்ணாக எழுதப்பட்டதால் இந்த வேறுபாடு பதிவாகாமலே போயிற்று.

கொடிநாள் 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தோர், அவர்களின் பிள்ளைகள் ஆகியோர்க்கு உரியது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அந்த உண்டியலில் பணம் போடுவது நல்லதே, ஆனால் அதோடு ஊர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் பிறந்து படையில் இறந்தவர்களின் பெயர், பட்ட இடம், ஆண்டு ஆகியவற்றைச் சாதி குறிக்காமல் ஒரு கல்லில் பொறித்து ஊராட்சி அலுவலக வாசலில் நடலாம். பட்டாசு ஆலைகள் உள்ள ஊர்கள், விபத்தில் இறந்தவர்களின் பெயர்களையும் விபத்தின் காரணத்தையும் வேறொரு கல்லில் பொறித்து அதனருகே நிறுத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராமசபையில் அந்தக் குடும்பங்களுக்கு வரவேண்டிய ஓய்வூதியமும் இழப்பீடும் வந்து சேர்ந்தனவா என்று பெயர் சொல்லிக் கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும்.